பாதிப் படத்தில் எழுந்துபோன கணவர்

கேள்வி:

மேடம், எனக்கு வயது 57. கணவருக்கு 62. திருமணமாகி 33 வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். கணவர் போன வருடம் ஓய்வுபெற்றார். எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. மாத்திரை போட்டாச்சா, பில் கட்டியாச்சா, மகன் போன் பண்ணினானா, அவ்வளவுதான். வேலை இல்லாமல் எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டேன். "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார். அப்புறம் நான் கேட்கவில்லை.

மகள் சொன்னாள் என்று '45 இயர்ஸ்' படத்தை வீட்டில் சேர்ந்து பார்த்தோம். பாதியில் அவர், "என்றைக்கோ செத்துப்போனவளுக்காக இந்த அம்மா ஏன் இப்படிக் குடைகிறாள்?" என்றார். "செத்தவள் விஷயம் இல்லை, இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததுதான் விஷயம்" என்றேன். "உனக்கு எதையும் விடத் தெரியாது" என்றார். "உங்களுக்கு எதையும் சொல்லத் தெரியாது" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். மீதியை நான் தனியாகப் பார்த்தேன். கடைசியில் அந்த மனைவி கணவனின் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொள்கிறாள். எனக்கும் அப்படி உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

மறுநாள் காலை, "படம் எப்படி முடிந்தது?" என்று கேட்டார். "வேண்டுமானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகத் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அவரிடம் அப்படி எந்த ரகசியமும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பின் ஏன் இந்தப் படம் என்னை இப்படி ஆட்டிவைக்கிறது? இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கை இறந்தபோதுகூட அவர் எதிரில் நான் அழுததில்லை. அவர் வெளியே போனபிறகுதான் அழுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு சினிமாவுக்காக விடியவிடிய அழுதேன். "இந்த வயதில் என்ன பிரச்சினை உனக்கு?" என்று தோழி சிரிக்கிறாள். எங்கள் திருமணம் முடிந்துவிட்டதா? அவரை உட்காரவைத்து மீதிப் படத்தைப் பார்க்கச் சொல்லலாமா? ஆலோசகரிடம் அழைத்தால் நிச்சயம் வரமாட்டார்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவரை உட்காரவைத்து மீதிப் படத்தைக் காட்ட வேண்டாம். திருமணம் முடிந்துவிட்டதா என்றால், உங்கள் கடிதத்தில் அப்படிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெகுநாளாகக் கேட்கப்படாமல் கிடக்கிற சில விஷயங்கள் இருக்கின்றன. அவை அவர் பக்கம் மட்டும் இல்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முடிவும் இதில் வந்துவிடும். பார்க்க நினைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். ஆண்ட்ரூ ஹெய் இயக்கி 2015இல் வந்த படம் அது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழும் கேட், ஜெஃப் தம்பதி தங்கள் 45ஆவது திருமண நாள் விருந்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாரத் தொடக்கத்தில் ஜெஃபுக்கு ஒரு கடிதம் வருகிறது. கேட்டைச் சந்திப்பதற்கு முன் அவர் காதலித்த காட்யா என்ற பெண் 1962இல் ஆல்ப்ஸ் மலையில் விழுந்து இறந்துபோனவள். அவள் உடல் பனிக்குள் அப்படியே இருப்பது இப்போது தெரியவந்திருக்கிறது. அந்த ஒரு வாரம்தான் படம். காட்யா என்று ஒருத்தி இருந்தாள் என்பது கேட்டுக்கு முன்பே தெரியும். அவளுடைய நெருங்கிய உறவாக ஜெஃபின் பெயர்தான் பதிவாகியிருக்கிறது என்பது தெரியாது. பரணில் அவளுடைய படச்சில்லுகள் (திரையில் ஓட்டிப் பார்க்கும் ஸ்லைடுகள்) இத்தனை காலம் இருந்ததும் தெரியாது. கணவர் இல்லாத நேரத்தில் கேட் தனியாகப் பரணில் ஏறி, அந்தப் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிற காட்சியில் சார்லட் ராம்ப்ளிங்கின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். காட்யா கர்ப்பமாக இருந்திருக்கிறாள். கேட்டுக்கும் ஜெஃபுக்கும் குழந்தை இல்லை. ராம்ப்ளிங்கும், ஜெஃபாக நடித்த டாம் கோர்ட்னியும் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை, நடிகருக்கான வெள்ளிக் கரடி விருதுகளை வாங்கினார்கள். அது தகுதியான விருது. இருவரில் யார் பக்கமும் நாம் முழுதாகச் சாய்ந்துவிட முடியாதபடி நடித்திருப்பார்கள்.

நீங்கள் இருவரும் சாய்ந்துவிட்டீர்கள், ஆளுக்கொரு பக்கமாக. இது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. நீண்ட கால மணவாழ்க்கையைப் பற்றிய படத்தைச் சேர்ந்து பார்க்கிற தம்பதிகள் ஒரே படத்தைப் பார்ப்பதே இல்லை. உங்கள் கணவர் பார்த்த படத்தில், தன் 20களில் நடந்த ஒன்றுக்காக ஒரு முதியவர் 70 வயதுக்கு மேல் தினமும் விசாரிக்கப்படுகிறார். நீங்கள் பார்த்த படத்தில், 45 வருடம் கூடவே வாழ்ந்தவரின் மனதில் தனக்கு அனுமதி இல்லாத ஓர் இடம் இருந்ததை ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள். இரண்டும் அந்தப் படத்தில் இருக்கின்றன. அவர் 'ஏன் குடைகிறாள்' என்று கேட்டது கேட்டைப் பற்றி. ஆனால் உங்களுக்கு அது உங்களைப் பற்றியதாகக் கேட்டது. நீங்கள் சொன்னது ஜெஃபைப் பற்றி, அவருக்கு அது அவரைப் பற்றியதாகக் கேட்டது. இரண்டாவது வரியிலேயே கேட்டும் ஜெஃபும் காணாமல் போய், 'உனக்கு', 'உங்களுக்கு' வந்துவிட்டது, பாருங்கள். எதையும் விடத் தெரியாது, எதையும் சொல்லத் தெரியாது என்று இருவரும் ஆளின் குணத்தின் மீதே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அந்தத் தீர்ப்புக்கு எதிராகப் பேச அவருக்கும் வழியில்லை, உங்களுக்கும் இல்லை.

சரி, ரகசியமே இல்லாத வீட்டில் இந்தப் படம் ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என் புரிதலைச் சொல்கிறேன். கேட்டை வலிக்கச்செய்வது பழைய காதல் இல்லை. திருமணத்துக்கு முந்தைய காதலை அவள் வயதில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காட்யா சாகாமல் இருந்திருந்தால் அவளைத்தான் மணந்திருப்பீர்களா என்று ஓர் இரவு கேட் கேட்கிறாள். ஆமாம் என்கிறார் ஜெஃப். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். தாங்க முடியாதது வேறு. இத்தனை வருடம் தங்கள் இருவருக்கும் பொதுவானது என்று அவள் நினைத்திருந்த வாழ்க்கையில், அவர் தனியாகவே துக்கப்பட்டிருக்கிறார், தனியாகவே ஒரு இழப்பைச் சுமந்திருக்கிறார். தான் கூட இருந்தும் அவருக்குத் துணையாக இல்லை என்று அவளுக்குத் தெரியவருகிறது.

உங்கள் கடிதத்தில் இதற்கு நேராக இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் அறிந்தே எழுதியது. வேலை இல்லாமல் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள், ஒன்றுமில்லை என்றார். பல வருடம் வேலை பார்த்த ஒருவர் அதிலிருந்து வெளியே வந்து ஒரு வருடம் ஆகியும், அதைப் பற்றி மனைவியிடம் சொல்ல ஒரு வாக்கியம்கூட இல்லை என்றால், அது உங்களைக் காயப்படுத்தியதில் ஆச்சரியம் இல்லை. ரகசியம் எதையும் அவர் மறைக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் அவர் மனதில் இப்போது என்ன ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. கேட்டின் நிலையும் உங்கள் நிலையும் தொட்டுக்கொள்வது அங்கேதான்.

இரண்டாவது இடம், நீங்கள் போகிறபோக்கில் எழுதியது. தங்கை இறந்தபோது அவர் வெளியே போன பிறகே அழுதேன் என்கிறீர்கள். அதை உங்கள் உறுதிக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. உங்கள் வாழ்க்கையின் பெரிய இழப்புகளில் ஒன்றை நீங்களும் அவருக்குத் தெரியாத இடத்தில் வைத்துக்கொண்டீர்கள். காரணம் நல்லதாகவே இருந்திருக்கும். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, அவர் வேலை கெடக் கூடாது, அழுதால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது என்றெல்லாம் நினைத்திருப்பீர்கள். இதே காரணங்களைத்தான் அவரும் வைத்திருப்பார் என்று ஏன் நினைக்கக் கூடாது? 'இவளுக்கு ஏற்கனவே ஆயிரம் கவலை, என் வெறுமையை வேறு எதற்குச் சொல்லி' என்று 'ஒன்றுமில்லை' சொல்லிவிடும் கணவர்களை நான் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். மனைவி அழுவதே இல்லை, இவளுக்கு என்னால் ஆகவேண்டியது எதுவும் இல்லை என்று அவர்களில் சிலர் உள்ளுக்குள் வருந்துவதையும் கேட்டிருக்கிறேன். உங்கள் கணவர் இவர்களில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

அதனால் அந்த இரவு நீங்கள் அழுதது சினிமாவுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தங்கைக்காகச் சேர்த்துவைத்த அழுகையும் அதில் இருந்திருக்கலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப்பட்ட வரிக்கு வருகிறேன். மறுநாள் காலை உங்கள் கணவர், "படம் எப்படி முடிந்தது?" என்று கேட்டார். கோபித்துக்கொண்டு எழுந்துபோன மனிதர், தான் பார்க்காத முடிவைத் தானாக வந்து கேட்கிறார். படத்தின் முடிவு தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியா இல்லை? நேற்று விட்ட இடத்திலிருந்து பேச அவருக்குத் தெரிந்த வழி அதுதான். மன்னித்துவிடு என்று சொல்ல வராதவர்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், டிவி சத்தத்தைக் குறைக்கட்டுமா என்பார்கள், படம் எப்படி முடிந்தது என்பார்கள். தம்பதிகளின் உரையாடலைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் இப்படிப்பட்ட சின்னச் சின்ன அழைப்புகளுக்குத்தான் பெரிய முக்கியத்துவம் கொடுத்தார். ஒருவர் நீட்டுகிற அழைப்பை மற்றவர் ஏற்கிறாரா, கவனிக்காமல் விடுகிறாரா, தட்டிவிடுகிறாரா என்பதில் திருமணத்தின் போக்கு தெரிகிறது என்பது அவர் கண்டது. நீங்கள் அன்று தட்டிவிட்டீர்கள். இரவெல்லாம் அழுதிருந்த நிலையில் வேறெப்படி நடந்திருக்கும் என்று எனக்கும் புரிகிறது, குற்றம் சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்று வார மௌனத்துக்கு அவர் எழுந்துபோனது பாதிக் காரணம் என்றால், அந்தக் காலைப் பதில் மீதிக் காரணம்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லுங்கள். மூன்று வாரம் தாமதம் என்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. "அன்றைக்குப் படம் எப்படி முடிந்தது என்று கேட்டீர்களே, நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லட்டுமா?" என்று தொடங்குங்கள். முடிவை உள்ளபடி சொல்லுங்கள். விருந்தில் ஜெஃப் எழுந்து மனைவியைப் பற்றி அன்பாகப் பேசிக் கலங்குகிறார். தங்கள் திருமணத்தின்போது ஆடிய அதே பாட்டுக்கு இருவரும் மறுபடி ஆடுகிறார்கள். பாட்டு முடியும்போது கோத்திருந்த கைகளை ஜெஃப் உயர்த்துகிறார், கேட் தன் கையைக் கீழே இழுத்துக்கொள்கிறாள். ஜெஃப் உருகிப் பேசியதை விட்டுவிட்டுக் கை உருவியதை மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மறுபடி வழக்காகிவிடும். அதன்பிறகு உங்களைப் பற்றி ஒரு வாக்கியம், அதிகம் வேண்டாம்: "அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கை நினைவும் வந்தது. அவள் போனதிலிருந்து உங்கள் எதிரில் நான் அழாமலே இருந்துவிட்டேன்." அவ்வளவு போதும். அவரைப் பற்றிக் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம், அன்றைக்கு மட்டும்.

ஏன் உங்கள் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், 'நீங்கள் ஏன் எதையும் சொல்வதில்லை' என்று தொடங்கும் பேச்சு எப்படிப் போகும் என்பது உங்கள் இருவருக்கும் மனப்பாடம். ஒருவர் பேசச் சொல்லி நெருக்குவது, மற்றவர் ஒதுங்குவது, ஒதுங்குவதைப் பார்த்து இன்னும் நெருக்குவது, அதனால் இன்னும் ஒதுங்குவது என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பல நாட்டுத் தம்பதிகளிடம் பார்த்திருக்கிறார்கள். இதில் யார் முதலில் தொடங்கினார்கள் என்று தேடிப் பயனில்லை, இருவருமே மற்றவர்தான் தொடங்கினார் என்று சத்தியம் செய்வார்கள். சுற்றை நிறுத்த யாராவது ஒருவர் வேறு மாதிரி ஓர் அடி வைத்தால் போதும். காட்மனும் சிபில் கெரேரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், புதிதாக மணமான 124 தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பார்த்தார்கள். முதல் மூன்று நிமிடம் எப்படிப் போகிறது என்பதிலிருந்தே, அடுத்த ஆறு வருடங்களில் யார் பிரிவார்கள் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. முதல் வாக்கியத்துக்கு அவ்வளவு பலம்.

நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் வரும் நேரத்தில் வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து 'பேச வேண்டும்' என்று தொடங்கவும் வேண்டாம். பல ஆண்களுக்கு அந்த இரண்டு சொற்களே போதும், உடம்பு இறுகிவிடும். நடக்கும்போதோ, ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்யும்போதோ, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் சொல்லுங்கள்.

அவர் மறுபடி எழுந்துபோனால்? போகட்டும். எழுந்துபோவதை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். சில சமயம் அது அலட்சியம்தான். ஆனால் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் வாக்குவாதத்தின் நடுவில் தம்பதிகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தபோது, வெளியே கல்லாக உட்கார்ந்திருப்பவர்களின் உடம்புக்குள் பெரும் கொந்தளிப்பு நடப்பதைக் கண்டார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் நிலையில் மனிதனால் சரியாகக் கேட்கவும் முடியாது, யோசிக்கவும் முடியாது. அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். அதனால் விலகிப்போவது தப்பில்லை, திரும்பி வராமல் இருப்பதுதான் தப்பு. "கொஞ்ச நேரம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கத்தை இருவரும் ஏற்படுத்திக்கொள்ளலாம். இதை அவரிடம் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லுங்கள், சண்டை நடுவில் விதியாக அறிவிக்காதீர்கள்.

படங்களை விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் வீட்டில் வந்த சண்டைக்குக் காரணமான அதே பழக்கம் மருந்தாகவும் ஆகும். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ராக் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று 2013 இறுதியில் வெளியானது. 174 புதுமணத் தம்பதிகள் அதில் பங்கெடுத்தார்கள். சிலருக்குப் பயிற்சியாளர்கள் வாரக்கணக்கில் வகுப்பு எடுத்தார்கள். சிலரைத் தம்பதிகள் பற்றிய படங்களைப் பார்க்கச்சொல்லி, ஒரு மாதத்தில் ஐந்து படங்கள், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் சுமார் 45 நிமிடம் சில கேள்விகளை வைத்துப் பேசச் சொன்னார்கள். சிலருக்கு எதுவும் தரவில்லை. மூன்று வருடம் கழித்து, எதுவும் இல்லாதவர்களில் 24 சதவீதம் பிரிந்திருந்தார்கள். படம் பார்த்துப் பேசியவர்களில் அது 11 சதவீதம், வகுப்புக்குப் போனவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். அவர்கள் புதுமணத் தம்பதிகள், நீங்கள் 33 வருடம் வாழ்ந்தவர்கள். அந்த எண்கள் உங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் அவர்கள் செய்தது உங்களுக்கு உதவும். கேள்விகள் எல்லாம் முதலில் படத்தில் வரும் ஜோடியைப் பற்றியவை. அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தபோது எப்படிப் பேசினார்கள், எப்போது கைவிட்டார்கள், எப்போது ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்தார்கள் என்று பேசிவிட்டு, அதன்பிறகே 'இதில் எது நம்மைப் போல, எது நம்மைப் போல இல்லை' என்று வரவேண்டும். அன்றைக்கு நீங்கள் இருவரும் முதல் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள், அதுவும் படம் முடிவதற்குள்.

எந்தப் படம்? ஆலோசகரிடம் தயங்கித் தயங்கி வரும் கணவரைப் பற்றிய 'ஹோப் ஸ்பிரிங்ஸ்' என்ற 2012ஆம் வருடப் படம் ஒன்று உண்டு. மெரில் ஸ்ட்ரீப்பும் டாமி லீ ஜோன்ஸும் நடித்தது, எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் இப்போது அதைப் போட்டுவிடாதீர்கள். இவருக்கென்றே தேர்ந்தெடுத்தது என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஸ்டான்லி டோனன் 1967இல் எடுத்த 'டூ ஃபார் த ரோட்' பொருத்தமாக இருக்கும். ஆட்ரி ஹெப்பர்னும் ஆல்பர்ட் ஃபின்னியும் தம்பதியாக, பிரான்சின் சாலைகளில் வெவ்வேறு வருடங்களில் போன பயணங்கள் முன்னும் பின்னுமாகக் கலந்து வரும். சேர்ந்தபோதிருந்த குதூகலமும் பிறகு வந்த கசப்பும் அடுத்தடுத்து நிற்கும். யார் குற்றவாளி என்று தேடவிடாத படம். ராக்கின் ஆய்வில் தம்பதிகள் முதலில் பார்த்ததும் இதைத்தான். இன்னும் நல்லது, அடுத்த படத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அது சண்டைப் படமாக இருந்தாலும் சரி, துப்பறியும் படமாக இருந்தாலும் சரி. எந்தப் படத்திலாவது ஒரு ஜோடி வந்தே தீரும்.

உங்கள் தோழி சிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வயதில் பிரச்சினை வராது என்பது உண்மையில்லை. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் விவாகரத்து விகிதம் 1990க்கும் 2010க்கும் இடையில் இரட்டிப்பானதை சூசன் பிரவுன், ஐ-ஃபென் லின் என்ற இரு சமூகவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் போய்விட்டார்கள், வேலை முடிந்துவிட்டது, இனி இருவர் மட்டும்தான் என்று ஆகும்போது, அதுவரை தள்ளிப்போட்டது முன்னால் வந்து நிற்கும். அதனால் உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1990களில் லெவன்சன், லாரா கார்ஸ்டென்சன், காட்மன் மூவரும் நடுவயதுத் தம்பதிகளையும் 60களில் இருந்த தம்பதிகளையும் ஒப்பிட்டார்கள். இருவருக்கும் இடையிலான தகராறு ஒன்றைப் பேசச் சொன்னபோது, வயதானவர்கள் குறைவாகக் கோபப்பட்டார்கள், பேச்சுக்கு நடுவிலேயே அதிகமாக அன்பைக் காட்டினார்கள். ஆக, இந்த வயதில் பழகுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்க வேண்டாம்.

கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது என்ற பயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நொடியில் வந்த ஆசையை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட மணவாழ்க்கையில் இருக்கும் எவருக்கும், இதையெல்லாம் விட்டுப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியே இருக்கும். தோன்றியது என்று சொல்லத்தான் பலருக்குத் தைரியம் இல்லை. கேட் கையை இழுத்துக்கொண்ட பிறகு என்ன செய்தாள் என்று இயக்குநர் காட்டவில்லை. பிரிந்தாள் என்று சிலர் சொல்வார்கள், அன்றிரவே பேசித் தீர்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது, அவள் முதல்முறையாகத் தன் வலியை ஜெஃபுக்குத் தெரியும்படி காட்டியிருக்கிறாள் என்பது. அதுவரை வாரம் முழுவதும் விருந்து ஏற்பாட்டையும் கவனித்துக்கொண்டு, அவரையும் கவனித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல நடந்துகொண்டவள் அவள். நீங்களும் அப்படிப்பட்டவர் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. நீங்கள் ஆசைப்பட்டது பிரிவுக்கு இல்லாமல், 'எனக்கு வலிக்கிறது' என்று அவருக்குத் தெரியவைப்பதற்காக இருக்கலாம். அதைச் சொல்வதற்குக் கையை உருவ வேண்டியதில்லை.

ஒருவேளை நான் நினைப்பதைவிட நிலைமை மோசமாக இருந்து, கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால்? அவர் உங்களை ஏளனமாகப் பேசுகிறாரா, மற்றவர் முன் சிறுமைப்படுத்துகிறாரா, அவரைக் கண்டு பயப்படுகிறீர்களா? அப்படி எதுவும் இருந்தால், மேலே சொன்னவற்றை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் நேரில் ஒருவரிடம் பேசுங்கள். அங்கே முதல் வேலை உங்கள் பாதுகாப்பு, மனம்விட்டுப் பேசுவது இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓய்வுக்குப் பிறகு உங்கள் கணவரின் தூக்கம் மாறியிருக்கிறதா? முன்பு பிடித்தவற்றில் ஆர்வம் போய்விட்டதா? சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறதா? ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் சோகமாகத் தெரியாது, எரிச்சலாகவும் ஒதுங்கலாகவும்தான் தெரியும். வாரக்கணக்கில் இப்படி இருந்தால், ஆலோசகர் என்ற பேச்சே எடுக்காமல், அவர் வழக்கமாகப் போகும் மருத்துவரிடம் உடம்புப் பரிசோதனைக்கு அழைத்துப்போய், இதையும் அவர் எதிரிலேயே சொல்லுங்கள். தைராய்டு குறைபாடோ, சாப்பிடுகிற சில மாத்திரைகளோகூட மனதை இப்படி மந்தமாக்கும். அதையும் அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

ஆலோசகரிடம் அவர் வரமாட்டார் என்றால் நீங்கள் மட்டும் வரலாம். கணவன், மனைவி இருவரும் வந்தால்தான் பயன் என்று பலர் நினைத்து வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவர் வந்து தன் பக்கத்தைச் சரிசெய்துகொள்ளும்போதே வீட்டில் பேச்சு மாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து, "அங்கே என்னதான் பேசுகிறாய்?" என்று கேட்டு, கூடவே வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. உங்களைப் பொறுத்தவரை, முதல் சந்திப்பில் கணவர் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை. தங்கையைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருக்கிறீர்கள், அதற்கே ஒரு மணி நேரம் போதாது.